அலுமாரியில் கிடக்கும் பொலரொய்ட் கமரா

வெளிநாட்டுச் சொந்தக்காரர் எப்போதோ கொண்டுவந்த பொலரொய்ட் கமரா ஒன்று, ஆரையம்பதியில் உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டிலும் கிடக்கலாம். எடுத்துப் பொத்தானை அமத்திப் பார்த்தால் ஒரு சத்தமும் வராது. பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பழுதே இல்லை.

1972 இல் வந்த மடக்குக் கமரா எஸ்எக்ஸ்-70. 1981 இல் வந்தது 600 வரிசை. இந்த இரண்டிலும் பற்றரி கமராவுக்குள் இருக்காது. பிலிம் பெட்டியின் அடியில் தட்டையாக ஒரு 6 வோல்ட் பற்றரி இருக்கும். கமராவை ஓட்டுவது அதுதான். பிலிம் முடிந்து பெட்டியைக் கழற்றியதும் கமரா அடங்கிவிடும். ஆகவே முதல் வேலை, வெளிநாட்டில் இருப்பவரிடம் அண்மையில் எடுத்து முடித்த 600 பிலிமின் வெறும் பெட்டி ஒன்று கேட்பது. படம் முடிந்த பிறகும் அந்தப் பற்றரியில் வழக்கமாகக் கொஞ்சம் மின் மிஞ்சியிருக்கும். அதைச் செருகி மூடியதும் மோட்டார் உறுமினால் கமரா பிழைத்தது. விலை கூடிய புதுப் பிலிமை வாங்குவது அதற்குப் பிறகுதான். வெறும் பெட்டியைப் போட்டும் அசையாவிட்டால், உள்ளே பற்றரியைத் தொடும் இரண்டு உலோக நாக்குகளைப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் நம்முடையது. உப்புக்காற்று முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாலே பல கமராக்கள் எழும்பிவிடும்.

அடுத்தது ரோலர்கள். படம் வெளியே வரும் வழியில் இரண்டு உலோக உருளைகள், படத்தின் ஓரத்தில் உள்ள இரசாயனப் பசையைப் பிதுக்கிப் படம் முழுவதும் பரப்புகின்றன. அந்தப் பசையில் கொஞ்சம் கசிந்து உருளையில் காய்ந்துபோனால், படத்தில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழும். நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், பல்சக்கரத்தை விரலால் சுழற்றியபடி துடைக்க வேண்டும். கத்தியோ ஊசியோ வேண்டாம். உருளையில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு படத்திலும் தெரியும்.

லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல வெள்ளை நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். வெளிக்கண்ணாடியில் என்றால் துடைத்துவிடலாம். உள்ளே என்றால் கழற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நம்மூரில் கார்த்திகை, மார்கழி ஈரத்துக்குக் கமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே நல்லது. தோல் உறைக்குள் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். பூஞ்சணத்துக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. பிளாஷ் உள்ள கமராவின் மூடியைக் கழற்றவே வேண்டாம். பிளாஷுக்கான மின்தேக்கி, பற்றரியை எடுத்த பிறகும் சில நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

இனிப் பிலிம். பொலரொய்ட் நிறுவனம் 2008 இல் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே நகரத்துத் தொழிற்சாலையை மூடவிடாமல் சிலர் பிடித்துக்கொண்டார்கள்; 2010 இல் அவர்களுடைய பிலிம் கடைக்கு வந்தது. பழைய இரசாயனங்கள் கிடைக்காமல் போனதால், கலவையைத் திரும்ப முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் அன்று விட்டிருந்தால் நம் அலுமாரிக் கமராக்கள் வெறும் பொம்மைகள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இன்றைய பெட்டியில் 8 படங்கள். பழைய கமராவின் எண்ணியோ 10 இலிருந்து இறங்கும். அது 2 காட்டும்போது பிலிம் முடிந்துவிட்டது, கமராவில் பிழை இல்லை.

புதுக் கலவைக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளியே வந்த முதல் சில விநாடிகளில் வெளிச்சம் பட்டால் படம் வெளுத்துவிடும். இதற்கென்று, படத்தை மூடியபடியே வெளியே விடும் சுருள் மறைப்பு ஒன்று விற்கிறார்கள். பழைய கமராவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மேம்பாடு இதுதான்.

எஸ்எக்ஸ்-70 வைத்திருப்பவர்கள் வேகத்தைக் கவனிக்க வேண்டும். அதன் பிலிம் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 160. 600 பிலிமோ 640, அதாவது வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு உணர்திறன் கொண்டது. 600 பிலிமை அதில் போட விரும்பினால், நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் சாம்பல் நிறக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் வைக்கலாம். ஒளியை அளக்கும் கண்ணை அது மறைக்கக்கூடாது. மறைத்தால் கமரா அதற்கேற்ப ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்துவிடும். ஐ-டைப் என்ற பிலிம் விலை குறைவு, ஆனால் அதன் பெட்டியில் பற்றரி இல்லை. பழைய கமராவில் அதைப் போட, ஈயம் வைத்து ஒட்டத் தெரிந்தவர்கள் உள்ளே தனிப் பற்றரி பொருத்துகிறார்கள்.

எடுத்துவிட்டுத் தாளை உரிக்கும் பழைய வகைக் கமரா என்றால் நிலைமை வேறு. அதற்கான பிலிமைப் பெருமளவில் செய்துவந்த பியூஜி 2016 இல் நிறுத்திவிட்டது. இன்ஸ்டாக்ஸ் பிலிம் போடும்படி பின்பக்கத்தையே மாற்றித்தான் அதை ஓட்டலாம்.

நம்மூரில் கமராவை விடப் பெரிய சிக்கல் வெயில். இந்தப் பிலிமுக்கு ஏற்ற வெப்பம் 13 முதல் 28 பாகை வரை. அதற்கு மேல் போனால் படம் மஞ்சளோ சிவப்போ அடிக்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கமராவோடு போகிறவர்கள், புதிய சின்ன ரெஜிபோம் பெட்டி ஒன்றில் துவாய் சுற்றிய ஐஸ் போத்தலோடு பிலிமைக் கொண்டுபோகலாம். எடுத்த படத்தையும் 15 நிமிடம் அதற்குள்ளேயே குப்புற வையுங்கள். வீட்டில் என்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டு. உறையவைக்கும் தட்டில் வைக்கவே கூடாது, பசை உறைந்து பிலிம் கெட்டுவிடும். படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். பிலிம் கொண்டுவரும் உறவினரிடம், விமானத்தில் கைப்பையில் மட்டும் வைக்கவும், கட்டுநாயக்கா வரை ஸ்கேனர் இல்லாமல் கையால் சோதிக்கும்படி கேட்கவும் சொல்லுங்கள்.

இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 டிசம்பர் சுனாமியிலும் இந்தக் கரையோரத்தில் வீடுகளோடு அல்பங்களும் போயின. நெகட்டிவ் உள்ள படத்தைத் திரும்பக் கழுவலாம், இதை முடியாது. ஆகவே படம் தெளிந்த அன்றே போனில் ஒரு பிரதி எடுத்து, கமரா தந்த உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். மூலப் படத்தை ஒரு மாதம் இருட்டான, ஈரமில்லாத இடத்தில் காயவிட்ட பிறகு அல்பத்தில் வையுங்கள்.