திறந்த கேட்டை நம்பிய ஓட்டுநர்: ரயில் மோதினால் யார் பொறுப்பு?

புதுதில்லி: கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியதில் மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர். வேன் ஓட்டுநர் காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிகிச்சை தொடங்கிய அன்றே பழியும் அவர் மீது விழுந்தது. கேட் கீப்பர் கேட்டை மூட முற்பட்டபோது, வேனைக் கடக்க விடுமாறு ஓட்டுநர் வற்புறுத்தினார் என்றது தெற்கு ரயில்வேயின் முதல் அறிக்கை. கேட் திறந்தே இருந்தது என்று ஓட்டுநரும் உயிர் தப்பிய மாணவரும் கூறினர். பின்னர் கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார்.

அந்த கேட், சிக்னலுடன் இணைக்கப்படாதது. இணைப்பு இருந்தால், கேட் மூடப்படாமல் ரயிலுக்குப் பச்சை விளக்கு கிடைக்காது. இணைப்பு இல்லாத இடத்தில் நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் தகவலே பாதுகாப்பு. நாட்டில் ஏறத்தாழ 17 ஆயிரம் ஆளுள்ள கேட்டுகள் உள்ளன. 2025 ஜூன் வரை சிக்னல் இணைப்புப் பெற்றவை 11 ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதல். சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரத்திலிருந்து சரக்கேற்றிப் புறப்படும் லாரி ஓட்டுநரானாலும், கடலூரின் வேன் ஓட்டுநரானாலும், கண்ணுக்குத் தெரிவது கேட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது மட்டுமே. அது எந்த வகை கேட் என்பதை அவர் எப்படி அறிவார்?

மோதும் வேகத்தைவிட எடை வேறுபாடே கொடியது. மின்சார ரயில் என்ஜின் மட்டுமே 120 டன் அளவுக்கு எடை கொண்டது. வேனோ சில டன்கள்தான். முன்புற மோதலில் அடியைத் தாங்க வாகனத்தின் மூக்குப் பகுதியாவது உண்டு. ரயில் பெரும்பாலும் பக்கவாட்டில் மோதுகிறது. அங்கே தடுப்பது கதவின் தகடுதான். வலப்புறத்திலிருந்து வரும் ரயிலின் நேர் இலக்கில் ஓட்டுநரே அமர்ந்திருக்கிறார். தலை, மார்பு, இடுப்பெலும்பு நொறுங்குகின்றன. ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் இடையே கால்கள் சிக்குகின்றன. தெலங்கானாவின் மாசாயிபேட்டையில் 2014 ஜூலையில் பள்ளிப் பேருந்து மீது ரயில் மோதியபோது மாணவர்களுடன் ஓட்டுநரும் உயிரிழந்தார். அது ஆளில்லா கேட்.

ஆளில்லா கேட்டுக்குச் சட்டம் தெளிவாக உள்ளது. மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆவது பிரிவின்படி வாகனத்தை நிறுத்தி, நடத்துநரோ கிளீனரோ தண்டவாளம் வரை நடந்து சென்று பார்க்க வேண்டும். உடன் எவரும் இல்லையேல் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் அகற்றப்பட்டுவிட்டன. ஆளுள்ள கேட்டில் இந்தக் கடமை விதிக்கப்படவில்லை. திறந்த கேட்டே அனுமதி.

இழப்பீட்டில்தான் சிக்கல். கேரளத்தின் அகப்பரம்பில் 1979-இல் நிகழ்ந்த மோதல் வழக்கில், ரயில்வேயும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்றும், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே அதனிடம் இழப்பீடு கோரலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர 18 ஆண்டுகள்! ஆனால் தவறு தம்முடையதல்ல என்பதை ஓட்டுநர் நிலைநாட்டியாக வேண்டும். முதல் அறிக்கையிலேயே குற்றவாளியாக்கப்பட்டவருக்கு அது எளிதன்று. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு மற்றொரு வழி உண்டு. தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்படி, பணியின்போது நேர்ந்த காயத்துக்கு முதலாளியிடம் கோரலாம். சாதாரணக் கவனக்குறைவு அதற்குத் தடையாகாது. ஓட்டுநர்கள் பலர் இதை அறிவதில்லை.

செம்மங்குப்பத்துக்குப் பிறகு தில்லி விரைந்து செயல்பட்டது. எல்லா கேட்டுகளிலும் கண்காணிப்பு கேமரா பொருத்தவும், சிக்னல் இணைப்புக்கான வரம்பைத் தளர்த்தவும் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் உத்தரவிட்டார். ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கிவரும் எண் முன்பு 20 ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். இப்போது 10 ஆயிரம் போதும். அதற்கும் குறைவான போக்குவரத்துள்ள கிராமப்புற கேட்டுகள் இந்த வரம்புக்குள் வரமாட்டா.

செம்மங்குப்பத்தில் முழுவதும் தன் செலவிலேயே சுரங்கப்பாதை அமைக்க ஒப்புதல் அளித்தும், மாவட்ட ஆட்சியரின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்றும் ரயில்வே அன்று கூறியிருந்தது.