கத்திக்கு முன்னும் பின்னும்

இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை அறுவை அரங்கம் மட்டும் முடிவு செய்வதில்லை. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது என்பவையே முதல் கணக்கு. நோய் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு மாறி மாறி உழைப்பவருக்கு மேல்வயிற்று வலி என்றால் அது 'கேஸ் டிரபிள்'தான். மருந்துக்கடை அமில மாத்திரை வலியை அடக்குகிறது, நோயை அல்ல. தென்கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு அரசே பரிசோதனை நடத்துவதால் நோய் சீக்கிரமே பிடிபடுகிறது.

கைதேர்ந்த மருத்துவர் போதாதா என்று கேட்கலாம். அவர் அவசியம்தான்: குறைந்தது 16 கணுக்களையாவது எடுத்துச் சோதித்தால்தான் நோயின் நிலை சரியாகத் தெரியும். ஆனால் 2019-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், அறுவைக்கு முன்னும் பின்னும் புதிய மருந்துக் கூட்டைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 50 மாதம். பழைய கூட்டைப் பெற்றவர்களுக்கு 35. அந்தப் புதிய கூட்டிலும் எல்லாச் சுற்றுகளையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. எடை குறைந்து, சாப்பிட முடியாமல் தளர்ந்த உடல் அதைத் தாங்குவது கடினம்.

இங்கேதான் சம்பளச்சீட்டு குறுக்கே வருகிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தூரம் பெரிய தடையல்ல. வேலைக்குப் போகாத மாதங்களை எப்படி ஓட்டுவது? இ.எஸ்.ஐ. நீட்டித்த நோய்க்காலப் பயன் புற்றுநோய்க்கும் உண்டு, சம்பளத்தில் 80 சதவீதம். ஆனால் இரண்டு ஆண்டுத் தொடர் வேலை வேண்டும். ஒப்பந்தம் முடிந்து இடைவெளி விழும் தொழிலாளியிடம் அது எளிதில் சேராது.