மணலின் கைந்நாட்டு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பார்ப்பின், கருமையும் செம்மையும் விரவிய மணிகள் மின்னக் காண்கிறோம். 1909ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க் மோனசைட்டைக் கண்டறிந்தது இக்கரை மணலில்தான். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியனவும் இங்கு உள்ளன. இம்மணிகளை உடைக்காமலும் கரைக்காமலும் இனங்காண்பது எங்ஙனம்?

இதற்கு வழி திறந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அவரும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ஓர் உண்மையைத் தெளிந்தனர். ஒரே நிற ஒளி பொருளில் பட்டுச் சிதறுங்கால் அதன் மிகச் சிறு கூறு நிறம் மாறி வெளிப்படுகிறது. பொருளிலுள்ள அணுக்களின் அதிர்வே அதற்குக் காரணம். படிகந்தோறும் அதிர்வு வேறுபடுதலின், சிதறிய ஒளி அதன் கைந்நாட்டாகிறது. 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிட்டியது.

பொதுக்குவிய இராமன் நுண்ணோக்கி லேசர் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அப்புள்ளியிலிருந்து மீளும் ஒளி மட்டுமே ஊசித்துளை ஒன்றைக் கடக்கும். மேலும் கீழும் உள்ள படலங்களின் ஒளி பெரிதும் தடைப்படும். இத்துளை உத்திக்கு மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமை கோரினார். இதனால் ஒளிபுகும் மணியின் உள்ளிடத்தையும், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் நுட்பத்தில், அறுக்காமலே ஆராயலாம்.

ரூட்டைலும் அனட்டேஸும் டைட்டானியம் டை ஆக்சைடே. வேதிப் பகுப்பு இரண்டையும் ஒன்றென்றே கூறும். இராமன் நிறமாலையிலோ, அனட்டேஸ் 144 என்னும் அலை எண்ணை ஒட்டியும், ரூட்டைல் 447, 612 ஆகியவற்றை ஒட்டியும் முகடு காட்டும். சிர்க்கானின் முகடு 1008ஐ ஒட்டியது. உள்ளிருக்கும் யுரேனியமும் தோரியமும் நெடுங்காலம் படிக ஒழுங்கைச் சிதைத்திருப்பின், அம்முகடு அகன்று கீழிறங்கும். மணி பட்ட பாட்டை ஒளி சொல்லிவிடுகிறது.

குறைகளும் உண்டு. மோனசைட் தானே உமிழும் ஒளி இராமன் ஒளியை மறைத்துவிடலாம். லேசர் வலிமை மிகின் கருநிற இல்மனைட் சூடேறி மாறிவிடலாம். கதிரியக்கத்தை அளக்கவோ வேறு கருவி வேண்டும்.

இம்மணலை அள்ளலாமா, கூடாதா என்னும் வழக்கு நம் கடலோர ஊர்களில் ஓயவில்லை. எப்பக்கம் நிற்பினும், காலடியில் கிடப்பது யாதென அறிந்து பேசுவதே நமக்கு அழகு. அறிவியல் மாணவர் அதனை ஆராய, தமிழ் மாணவர் அதற்குச் சொல் ஆக்கித் தந்தால், மீனவர் குடிலிலும் இவ்வறிவு சென்று சேரும்.