குழந்தை மல்லாந்தே தூங்கட்டும்

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால், கக்கும் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. பெரிய மருத்துவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-ல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்றது. 1950-களில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே மேல் என்று அவர் எழுதினார். மல்லாந்த குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும், தலையும் ஒரு பக்கம் தட்டையாகும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். மேலைநாட்டுத் தாய்மார்கள் அப்படியே செய்தார்கள்.

அதே காலத்தில், நோய்நொடி எதுவும் இல்லாத குழந்தைகள் இரவில் தொட்டிலிலேயே இறந்துகிடந்தார்கள். பிரேதப் பரிசோதனையிலும் காரணம் புலப்படவில்லை. 1969-ல் சியாட்டில் நகரில் கூடிய மருத்துவர்கள் இதைத் திடீர் சிசு மரணம் என்று வரையறுத்தார்கள். இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளே இதற்கு அதிகம் பலியானார்கள்.

இந்த மரணங்கள் மிகுதியாக இருந்த நாடுகளில் ஒன்று நியூசிலாந்து. அங்கே எட்வின் மிட்செல் குழுவினர் 1987 முதல் மூன்றாண்டுகள் ஆய்வு நடத்தினார்கள். குப்புறப் படுத்தல், தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் இல்லாமை ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று தெரிந்தது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் இந்த மரணங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய பாதியாகவும், பிரிட்டனில் அதைவிடக் கூடுதலாகவும் குறைந்தன. மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டதுதான் சிகிச்சை. ஆய்வாளர் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1970-லேயே ஆதாரங்களைச் சரியாகத் தொகுத்திருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்றது அந்தக் கணக்கு.

அப்படியானால் கக்கிய பால் எங்கே போகிறது? கழுத்தில் மூச்சுக்குழாய் முன்புறமும் உணவுக்குழாய் அதன் பின்புறமும் இருக்கின்றன. குழந்தை மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே என்றாகிவிடும். எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். பெரும்பாலும் அது முடியாமல் பால் மறுபடி உணவுக்குழாய்க்கே திரும்பிவிடுகிறது. குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. பால் மூச்சுக்குழாயின் வாசலிலேயே தேங்குகிறது. காப்பாற்றும் என்று நம்பிய நிலைதான் ஆபத்தான நிலையாக இருந்திருக்கிறது.

காற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. முகம் பஞ்சு மெத்தையில் புதைந்தால், வெளிவிட்ட கரியமில வாயுவையே குழந்தை மறுபடி இழுக்கிறது. சாதாரணமாக அப்போது மூளைத்தண்டு எச்சரிக்கும். குழந்தை விழித்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும் அல்லது அழும். குப்புறத் தூங்கும் குழந்தைக்கு உறக்கம் ஆழமாக இருப்பதால் விழிப்பு எளிதில் வருவதில்லை. இப்படி இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், இந்த எச்சரிக்கைக்கு உதவும் செரடோனின் என்ற வேதிப்பொருளின் அமைப்பு சரியாக இயங்கவில்லை என்று பாஸ்டன் நகர ஆய்வாளர் ஹன்னா கின்னி கண்டறிந்தார். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. எனவே எல்லாக் குழந்தைக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

படுக்கை சமமாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். தரையில் பாய் விரித்து, அதன்மேல் துணியைச் சுருக்கமின்றி இழுத்துப் போட்டாலே போதும். குடைக் கொசுவலையோடு விற்கும் குட்டி மெத்தையை வாங்கினால், மெத்தை கெட்டியாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். கூட வரும் தலையணையையும் பக்க உருளைகளையும் எடுத்துவிடுங்கள். தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட வைத்தால், பின்னந்தலை தட்டையாவது குறையும், கழுத்தும் வலுப்பெறும். தூளியின் வளைவில் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுப்பாதை மடங்கும். அதனால் குழந்தை தூங்கியதும் எடுத்துச் சமதரையில் கிடத்துங்கள். தலையை மூடிப் போர்த்த வேண்டாம். குழந்தையின் சூடு பெருமளவு தலை வழியாகத்தான் வெளியேறுகிறது; அதை மூடினால் உடல் அளவுக்கு மீறிச் சூடாகும். குழந்தை தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். சோபாவில் குழந்தையை அணைத்தபடி கண்ணயர்வது மிகவும் ஆபத்து. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது.

குழந்தை பிறந்த வீட்டில் தொட்டில் அலங்காரத்துக்குக் குறைவிருக்காது. பொம்மையும் பட்டுப் போர்வையும் வந்து குவியும். அவற்றையெல்லாம் அலமாரியில் வையுங்கள். பகல் தூக்கமோ இரவுத் தூக்கமோ, பாட்டியோ ஆயாவோ, யார் படுக்க வைத்தாலும் ஒரு வயதுவரை குழந்தையை மல்லாக்கவே படுக்க வைக்கச் சொல்லுங்கள்.