மலக்குழியிலிருந்து கிணற்றுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் வெங்காயப் பாத்திக்கு இறைக்கவும் காலங்காலமாகக் கிணறுதான். மழைநீர் செம்மண்ணைக் கடந்து சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கிணறு இருக்கும் அதே வளவுக்குள் மலக்குழியும் இருக்கிறது.

குழி உடைந்து கசிந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால் ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்கும் நைட்ரேட்டை நிறுத்தாது. தொட்டியில் கசடு அடியில் தங்கும், கொழுப்பு மேலே மிதக்கும், இடையிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். சிறுநீரிலிருந்த யூரியா அதற்குள் அம்மோனியமாக மாறியிருக்கும். காற்றுப் புகும் மண்ணுக்கு அது வந்ததும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. அம்மோனியம் நேர்மின்னூட்டம் கொண்டது. களிமண் அதைப் பிடித்துவைக்கும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். பல கிருமிகளை மடக்கிவிடும் மணலுக்கும் இது அகப்படாது. சுண்ணாம்புக்கல் வெடிப்பில் அந்த மணல் வடிகட்டலும் இல்லை! ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜனைக் கழிக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் வரை போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தரநிலை 45. குடாநாட்டுக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பழி முழுவதும் மலக்குழிக்கல்ல. தோட்டங்களில் கொட்டும் யூரியாவுக்கும் பெரும் பங்கு உண்டு. நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் குழிகளின் பங்கு கூடும்.

பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குட்பட்ட புட்டிப்பால் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். நைட்ரேட் உடலில் நைட்ரைட்டாகி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. குழந்தை நீலம் பாரிக்கும்.

நைட்ரேட் மட்டுமல்ல, கழிப்பறையில் ஊற்றும் பெயின்ட் தின்னர், மிஞ்சிய மருந்து போன்றவையும் தொட்டியில் பெரிதாகச் சுத்திகரிக்கப்படுவதில்லை. ஆசிட்டை அளவின்றி ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவே செத்துப்போகும். இவற்றைக் குழிக்குள் விடாதீர்கள்.

கிணற்றுநீரை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. எல்லை தாண்டியிருந்தால் குழந்தையின் பாலுக்கு வேறு தண்ணீர் எடுங்கள். கொதிக்கவைப்பது உதவாது: தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி அடர்த்தி கூடும்.