பிச்சை அல்ல, பங்கு

ஜெய்சால்மர் கோட்டை வாசலில் கமாய்ச்சா என்ற வில்வாத்தியம் வாசிப்பவரைக் கண்டதும் நம்மவர்கள் பையில் சில்லறை தேடுகிறார்கள். வயலின் வாசித்துப் பிழைக்கிற எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வரும். அவர் கையேந்துபவர் அல்ல, பரம்பரைப் பங்காளி.

மேற்கு ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மேர் பகுதிகளிலும் எல்லை தாண்டி சிந்துவிலும் வாழும் அவருடைய இசைக்குடியினரான மாங்கணியார்கள் முஸ்லிம்கள். அவர்கள் வழிவழியாகப் பாடிவருவதோ பெரும்பாலும் இந்து ராஜபுத்திரர் வீடுகளில். அந்தப் புரவலரை ஜஜ்மான் என்பார்கள். எந்தக் குடும்பத்துக்கு யார் பாடுவது என்பது பிறப்பிலேயே முடிவான விஷயம். பிள்ளை பிறந்தால் ஹாலரியா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைப் பாட்டு, கூடவே வம்சாவளி. வீட்டுக்காரரே மறந்துபோன பாட்டன் பூட்டன் பெயர்களையும் மாங்கணியார் வரிசை தவறாமல் சொல்லுவார். கூலியாக தானியம், ஆடு, ஒட்டகம், ரொக்கம் வந்து சேரும். நம்மூர்க் களத்துமேட்டில் ஊர்த் தொழிலாளிகளுக்கு அளந்த ‘சுதந்திரம்’ என்ற தானியப் பங்கு போல, இதுவும் உரிமையோடு கேட்டு வாங்குகிற பங்கு. ஜஜ்மான் மரியாதை தவறினால் அந்த வீட்டையே தள்ளிவைக்கும் வழக்கமும் மாங்கணியார்களிடம் உண்டு.

பக்கத்திலேயே வாழும் லங்காக்களும் முஸ்லிம் இசைக்குடியினர். அவர்கள் வாசிப்பது சிந்தி சாரங்கி. அவர்களுடைய புரவலர்கள் சிந்தி சிபாய் முஸ்லிம்கள்.

மாங்கணியாரின் அடையாளம் கமாய்ச்சா. மாமரத்தைக் குடைந்த வட்டக் குடம், மேலே ஆட்டுத்தோல், அதில் தடித்த நரம்புத் தந்திகள். வில் பட்டதும் கூட இருக்கும் உலோகத் தந்திகளும் சேர்ந்து அதிரும். என் வயலினில் அந்தக் கரகரப்பான கார்வையை எவ்வளவு முயன்றாலும் கொண்டுவர முடியாது. இதை வாசித்த ஹமீரா கிராமத்து சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மறு வருஷம் அவர் காலமானார்.

இவர்களை வெளியுலகம் அறியச் செய்தவர் கோமல் கோட்டாரி. 1960இல் போருந்தா கிராமத்தில் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தானைத் தொடங்கி, பாட்டுகளைப் பதிவு செய்தார்; கலைஞர்களை வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டுபோனார். இவர்களுடைய ‘நிம்பூடா’ பாட்டை 1999இல் இந்திப் படம் ஒன்று ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்தது.

ஜஜ்மானுக்கும் மாங்கணியாருக்கும் உள்ள உறவை மத ஒற்றுமைக்கு உதாரணம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில் சாதியும் அதிகாரமும் இருக்கின்றன. 2017இல் ஜெய்சால்மர் மாவட்டத்தின் தாந்தல் கிராமத்தில், நவராத்திரியில் சரியாகப் பாடவில்லை என்று குற்றம் சாட்டி ஒரு மாங்கணியார் பாடகரைக் கொன்றார்கள். அவருடைய உறவினர்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள்.

ஜஜ்மான் வீட்டோடு ஒப்பிட்டால் மேடை காசு தருகிறது, மானத்தையும் ஓரளவு காக்கிறது. ஆனால் மேடைக்கு வம்சாவளி தேவையில்லை, தாலாட்டும் தேவையில்லை. கேட்க ஆளில்லாத பாட்டு அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஆகவே, ஜெய்சால்மர் போகிறவர்கள் மணல்மேட்டுக் கூடாரத்தில் சினிமாப் பாட்டு கேட்காதீர்கள். பிள்ளை பிறந்த வீட்டில் பாடுவதைப் பாடச் சொல்லுங்கள். கச்சேரிக்குரிய சன்மானத்தை முழுசாகக் கொடுங்கள்.