வடநாட்டு இல்லங்களில் வசந்தமும் கோடையும்

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர், இளவேனிலையும் முதுவேனிலையும் அடுத்தடுத்து வைத்தனர். தென்னாட்டில் இவ்விரண்டின் எல்லையைப் பிரித்தறிதல் எளிதன்று. வெயில் படிப்படியாக ஏறுகிறது. கரையோர ஊர்களில் மாலைக் கடற்காற்று அதனைச் சிறிது தணிக்கிறது. கங்கை யமுனைச் சமவெளியிலோ, தில்லி முதல் காசி வரையுள்ள ஊர்களில், வசந்தம் விருந்தினரைப் போல வந்து சில வாரங்களில் விடைபெற்றுக்கொள்கிறது. பின்னர் கோடை, வீட்டுக்குரியவரைப் போல வந்து அமர்ந்துவிடுகிறது. தில்லியில் பிப்ரவரி மாதத்தில் 24 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும் பகல் வெப்பம், மே மாதத்தில் 40 டிகிரியை எட்டுகிறது. இத்தகைய மாறுதலுக்கு ஈடுகொடுத்து அங்குள்ள குடும்பங்கள் தம் அன்றாட வாழ்வையும் பொழுதுபோக்கையும் எங்ஙனம் அமைத்துக்கொள்கின்றன என்பதை இங்கு ஆராய்வோம்.

வசந்தத்தின் வருகையை அறிவிப்பது வசந்த பஞ்சமி. மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியாகிய இந்நாள் சனவரி இறுதியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ வரும். வயல்களில் கடுகுச் செடிகள் மஞ்சள் பூத்து நிற்கும் காலம் அது. பெண்டிர் மஞ்சள் ஆடை உடுத்துவர். குங்குமப்பூவிட்ட இனிப்புச் சோறு சமைப்பர். பஞ்சாபில் அன்று சிறுவர் பட்டம் விடுவர். பட்டம் விடும் நாள் ஊருக்கு ஊர் வேறுபடுவதும் காணத்தக்கது. குஜராத்தில் அது சனவரி 14. தில்லியில் ஆகஸ்ட் 15. லக்னோவில் தீபாவளிக்கு மறுநாள். ஊருக்கு ஏற்ற நாள் எது என்பதைப் பிள்ளைகள் ஏட்டில் படித்து அறிவதில்லை. மாடியில் நின்று மூத்தோரிடம் கற்றுக்கொள்கின்றனர்.

தோட்டக்கலையில் விருப்பமுள்ளோர்க்கு இதுவே பொற்காலம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாற்றுவிட்ட டாலியா, ஃபிளாக்ஸ், நஸ்டர்ஷியம் முதலிய செடிகள் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தொட்டிதோறும் மலர்கின்றன. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதும் இப்பருவத்தில்தான். 2023-இல் அதற்கு அம்ருத் உத்யான் எனப் பெயரிடப்பட்டது. தெருவோரங்களில் இலவமரம் இலையுதிர்த்துச் செம்மலர் தாங்கி நிற்கும். ஏப்ரல் பிறந்ததும் தொட்டிச் செடிகள் வாடிவிடும். அவற்றின் விதைகளைக் காகிதப் பொட்டலங்களில் சேர்த்துவைப்பது பல இல்லங்களில் முதியோரின் வேலை. பூத்ததைக் கண்டு மகிழ்ந்த பேரக்குழந்தை, அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கவும் அவ்விடமே கற்றுக்கொள்கிறது.

பங்குனிப் பௌர்ணமியில் ஹோலிப் பண்டிகை முடிந்தவுடன் வீடு தன் கோலத்தை மாற்றிக்கொள்கிறது. ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வைகள் வெயிலில் உலர்ந்து, வேப்பிலையுடன் பெட்டிக்குள் செல்கின்றன. மொட்டை மாடிகளில் வெள்ளைத் துணி விரித்து அப்பளமும், உருளைக்கிழங்கு வறுவலுக்கான வில்லைகளும், பருப்பரைத்துக் கிள்ளிய வடகமும் உலர்த்துவர். காற்றில் ஈரம் குன்றிய அந்நாட்களில் இவை விரைவில் காய்ந்துவிடும். காக்கையை விரட்டக் காவல் இருக்கும் சிறுவர்க்கு, பாதி உலர்ந்த அப்பளமே கூலி!

மே மாதம் பிறந்தால் 'லூ' என்னும் அனற்காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. சமவெளியில் உச்ச வெப்பம் 40 டிகிரியை எட்டி, அத்துடன் அந்நாளுக்குரிய இயல்பான அளவைக் காட்டிலும் 4.5 டிகிரி மிகுந்திருந்தால், அல்லது எவ்வாறாயினும் 45 டிகிரியை எட்டினால், அதனை வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ளது. பள்ளிகளுக்கு விடுமுறை, 'நானி' எனப்படும் தாய்வழிப் பாட்டியின் வீட்டிற்குப் பிள்ளைகள் செல்லும் காலம். அவ்வீட்டின் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. சன்னல்களையெல்லாம் திறந்து இரவின் குளிர்ந்த காற்றை உள்ளே வாங்குவர். ஒன்பது மணிக்குள் அவற்றை மூடித் திரையிடுவர். நண்பகல் முதல் நான்கு மணி வரை தெருவில் நடமாட்டம் குறைந்துவிடும்.

இல்லத்தைக் குளிர்விக்கும் முறைகளுள் பல ஒரே உண்மையைச் சார்ந்தவை. நீர் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த பொருள்களிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அதாவது, கசிந்து மறையும் ஒரு கிராம் நீர், பானைக்குள் உள்ள 58 கிராம் நீரைப் பத்து டிகிரி குளிரச் செய்யும் அளவு வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானையின் நுண்துளைகள் செய்யும் வேலை இதுவே. வாயிலில் தொங்கவிட்டு நீர் தெளிக்கும் வெட்டிவேர்த் தட்டியும், வீடுகளில் ஓடும் கூலர் என்னும் நீர்க் குளிர்விப்பானும் இவ்வழியே இயங்குகின்றன.

இவ்வுண்மையை அறிந்தோர் இரண்டு பிழைகளைத் தவிர்ப்பர். கூலர் ஓடும் அறையின் சன்னல்களை முற்றும் அடைத்தல் கூடாது. உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழி இல்லையேல் அறை புழுங்கும், குளிர்ச்சி குன்றும். மற்றொன்று, மழை தொடங்கியபின் கூலர் பழுதாயிற்று என்று எண்ணுதல். காற்றே ஈரமாக இருக்கும் சூலை மாதத்தில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. பொறியின் மீது குறையில்லை. கூலரின் தொட்டியை வாரம் ஒருமுறையேனும் வடித்து, தேய்த்து, உலர்த்துதல் இன்றியமையாதது. டெங்கு பரப்பும் கொசு அத்தகைய தேங்கிய நீரில்தான் பெருகுகிறது.

மூடிய அறையின் நெடிய பிற்பகல் பொழுதுபோக்குகளுக்கு உரியது. கேரம், சதுரங்கம், தாயம், தபால்தலைத் தொகுப்பு, பூத்தையல் ஆகியவை அப்போது நடைபெறும். சன்னலுக்கு வெளியே நிழலில் அகன்ற மண்சட்டியில் நீர் வைத்தால், திரையின் இடுக்கிலிருந்து பறவைகளைக் காணலாம். கன்னான் தட்டுவது போல 'டுக் டுக்' என்று விடாது ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவானையும், மாமரத்தில் கூவும் குயிலையும் குரலால் இனங்காணப் பிள்ளைகள் விரைவில் பழகிவிடுவர். சட்டி நீரையும் நாள்தோறும் மாற்றுதல் நலம்.

மாலையில் மாடியில் நீர் தெளித்து, கயிற்றுக் கட்டில் இட்டுப் படுக்கும் வழக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியதால் குறைந்துவிட்டது. ஆயினும் மாடி உள்ளோர் அவ்விரவுகளை இழத்தல் கூடாது. மே மாதத்து இரவு ஒன்பது மணியளவில் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர்ந்து நிற்கும். அதன் வால்போன்ற வளைவைத் தெற்கு நோக்கி நீட்டினால் பொன்னிறச் சுவாதியையும், மேலும் நீட்டினால் வெண்ணிறச் சித்திரையையும் காணலாம். இரவு வளர வளரத் தென்கிழக்கில் விருச்சிகம் எழும்; அதன் நடுவில் சிவந்து ஒளிர்வது கேட்டை. வடமொழியில் கேட்டைக்கு ஜேஷ்டா என்று பெயர். அதனருகே பௌர்ணமி நிகழும் மாதமாதலின், வடநாட்டார் இக்கடுங்கோடை மாதத்தை ஜேஷ்ட மாதம் என்கின்றனர். நாட்காட்டியில் உள்ள பெயர் வானத்தில் நிற்பதைக் காணும் குழந்தை அதனை மறப்பதில்லை.

இத்தனை இனிமைக்கும் இடையே நாம் மறக்கும் இடம் ஒன்றுண்டு; அது அடுக்களை. கூலர் கூடத்தில் ஓடுகிறது. கட்டில் நிழலில் கிடக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ரொட்டி சுடும் தாயோ மருமகளோ, வெயில் உச்சியில் நிற்கும் வேளையில் அடுப்பின் முன் நிற்கின்றார். வெப்பம் உயிரைப் பறிக்கவும் வல்லது. 2010 மே மாதத்து வெப்ப அலையில் பலரை இழந்த அகமதாபாத் நகரம், 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டமே வகுத்தது. நகரம் திட்டமிடுவது போல இல்லமும் திட்டமிடலாம். பகலுணவின் சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். பருப்பையும் பயற்றையும் இரவே ஊறவைத்தால் அடுப்பெரியும் நேரம் குறையும். வறுத்த கடலைமாவாகிய 'சத்து'வை நீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அருந்தும் பீகார் வழக்கத்திற்கு அடுப்பே வேண்டா. வேகவைத்த மாங்காயின் சதையைப் பிசைந்து, சீரகம், உப்பு, சர்க்கரை, புதினா கூட்டிச் செய்யும் 'பன்னா' என்னும் பானத்தைக் கலக்கும் பொறுப்பை ஆடவரும் பிள்ளைகளும் ஏற்கலாம்.

தளர்ச்சியும் மயக்கமும் தோன்றினால் நிழலில் கிடத்தி நீர் பருகச் செய்தல் வேண்டும். வயிற்றுப்போக்கால் நீரிழந்தோர்க்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடனே உடலை நனைத்து விசிறியபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நினைவிழந்தோர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

சூன் மாதத்தில் கடுகெண்ணெய், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம் ஆகியவை கூட்டிய மாங்காய் ஊறுகாய் வெயிலில் பதமாகும். மலீஹாபாதின் தசேரி மாம்பழமும் சந்தைக்கு வரும். தில்லியில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் சூன் 27. அதுவரை வெயிலைக் குறைத்தல் நம் கையில் இல்லை. நிழலைப் பங்கிட்டுக்கொள்ளுதல் நம் கையில் உள்ளது. மண்பானை, மாடிப் படுக்கை, மாங்காய்ப் பானம் ஆகியவற்றோடு, வீட்டில் ஒருவரும் தனியே வெயிலைத் தாங்கலாகாது என்னும் வழக்கத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.